ஆற்றுக்குள் ஓர் அடைப்பு

மார்ச் 3
வேலை கிடைத்துவிட்டது. பாலத்தூண் கட்டுவதற்காக ஆற்றுக்குள் இரும்புத் தகடுகளை வட்டமாக அடித்து இறக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஆறு, நடுவில் ஆழமான சேற்றுக்குழி. இறைக்கும் மோட்டார்கள் என் பொறுப்பு. பெரிய இன்ஜினியருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "கவனமா இரும்மா" என்றார். இருக்கேன் சார். உங்க மேலதான் கவனம்.

மார்ச் 9
போன வருஷம் இதே மாதிரி ஓர் அடைப்புக்குள்தான் அண்ணன் போய்ச் சேர்ந்தான். தகட்டு இடுக்கில் தண்ணீர் பீறுது, ஆளுங்களை ஏத்துங்கன்னு கத்தினானாம். கான்கிரீட் முடியட்டும் என்றார் இதே இன்ஜினியர். அடைப்பு உடைந்தது. பிறகு விசாரணையில், 'அந்த வெல்டர் குடிச்சிட்டு இறங்கினான், அவனாலதான் எல்லாம்' என்று வாய் கூசாமல் சொன்னார். பீடி வாசனைகூட ஆகாதவன் என் அண்ணன். அன்றிலிருந்து அண்ணி தெருவில் தலைகுனிந்துதான் நடக்கிறாள்.

மார்ச் 14
பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேண்டாம்.

மார்ச் 27
இன்னைக்கு நடந்ததை எழுதிடணும்.

ஆற்றில் நீர்வரத்து அதிகம். மத்தியானம் தகட்டு இணைப்பு ஒண்ணு விட்டுப்போச்சு. எல்லாரும் ஏணியில ஏறிட்டாங்க. இன்ஜினியர் மட்டும் தூணோட கம்பிக்கட்டுக்குள்ள கால் மாட்டி நின்னார். இடுப்பளவு தண்ணி. ஓடிக்கிட்டிருந்த மோட்டார் பத்தலை.

"இன்னொரு மோட்டாரையும் போடும்மா."

ஸ்விட்ச்சில் கை வச்சேன். போடலை. குனிஞ்சு கேட்டேன்: "போன வருஷம் செத்த வெல்டர் குடிச்சிருந்தாரா சார்?"

என் முகத்தையே பார்த்தார். நான் யாருன்னு புரிஞ்சுடுச்சு.

"இல்ல."

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"அவன் குடிக்கல. ஆளுங்களை ஏத்தச் சொன்னான். நான்தான் விடல."

தண்ணி மார்புக்கு வந்திருந்தது. மேஸ்திரி என்னை நோக்கி ஓடி வந்தார். அதுக்குள்ள நானே போட்டுட்டேன். தண்ணி வடிய வடிய, கம்பியை அறுத்து அவரைத் தூக்கினாங்க.

மார்ச் 28
வேலை போச்சு. போகட்டும்.

ஏப்ரல் 2
மேஸ்திரி நாலு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். "காதால கேட்டதை எங்க வேணா வந்து சொல்றோம்மா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "அந்த ஆள் வாயைத் திறக்கலைன்னா, மோட்டாரைப் போட்டிருப்பியா?"

போட்டிருப்பேன் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

அண்ணி எழுந்துபோய், சாப்பிட எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.