பெருந்துறையில் நின்ற பஸ்

சரவணம்பட்டி
9-7-2020

அன்புள்ள ராமாமணிக்கு,

உன் வீட்டுக்காரன் தம்பிதுரை எழுதிக்கொள்வது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால்தான் கட்டுக்குள் இல்லை. உன் நலத்தைக் கேட்டு எழுதுவது முறை. ஆனால் அது எனக்கு முன்பே தெரியும். நாலு நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்குப் படித்துக் காட்டுவது நர்ஸ் ஹாரிகா. கண்ணு ஹாரிகா, ஒரு பாரா முடிந்ததும் நிறுத்தி, அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு அடுத்ததற்குப் போ. அரிசிம்பருப்புச் சோற்றை நன்றாக மசித்து, நெய் கொஞ்சம் தாராளமாகவே விடு.

ராமாமணி, நான் ஏன் வரவில்லை என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள், நீ மறந்திருப்பாய். ஊரெல்லாம் கொரோனா என்று ஒரு வியாதி. இந்த முதியோர் குடியிருப்பில் நீ இருக்கும் கேர் பிளாக்கைப் பூட்டிவிட்டார்கள். நர்சுகளும் உள்ளேயே தங்கிக்கொண்டார்கள். எங்கள் பிளாக்கிலிருந்து யாரும் அங்கே வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேப்பமரமும் சில சிமெண்ட் பெஞ்சுகளும்தான். இந்தக் கடிதத்தைக்கூட ஆபீஸில் ஒரு நாள் வெயிலில் வடாம் மாதிரி காயவைத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

முன்பு தினமும் சாயங்காலம் வந்து, அன்றைய சங்கதியைப் பேசிக்கொண்டே உனக்கு ஊட்டுவேன். நான் யார் என்று நீ கேட்பதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாராக இருந்தால் என்ன, பேச்சுச் சத்தம் கேட்டால் வாயைத் திறந்துகொண்டிருந்தாய். இப்போது மாஸ்க்கும் கண்ணாடியுமாக வருகிறவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயாம். போனில் என் முகத்தைக் காட்டினார்கள். அதைத் தட்டிவிட்டாய். ஹாரிகாவின் சொந்த போன் அது. நல்லவேளை உடையவில்லை.

ஹாரிகா, இந்தப் பாராவை அம்மாவுக்குப் படிக்க வேண்டாம். உனக்குத் தெரிந்ததுதான், என் மனசு ஆறட்டும் என்று எழுதுகிறேன். இந்த வாரத்துக்குள் சாப்பாடு இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கூட யாரையும் விடமாட்டார்கள். எங்கள் மாடியிலிருந்து வரதராஜுலு அப்படித்தான் தனியாக ஆம்புலன்ஸில் ஏறிப்போனார். அவர் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, சங்கதிக்கு வருகிறேன். இங்கே புதிதாக ஒன்றும் கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கதவோரம் வைத்து மணியடித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். அதனால் பழையதைச் சொல்கிறேன். உன் தம்பி கருப்புசாமி கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஈரோட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பஸ் பவானியில் நின்றுபோயிற்று. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் சட்டையைக் கழற்றி உன் கையில் கொடுத்துவிட்டு என்ஜினுக்குள் தலையை விட்டேன். பம்புசெட் பட்டறை வைத்திருப்பவனுக்கு பஸ் என்ஜின் என்ன பெரிய விஷயம்? கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிற்று. பஸ்ஸே என்னை மெச்சியது. நீ மட்டும் பனியனெல்லாம் கிரீஸ் என்று ஈரோடு போய்ச் சேரும்வரை முணுமுணுத்தாய்.

சாப்பிடு அம்மணி. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தம்பிதுரை


சரவணம்பட்டி
11-7-2020

அன்புள்ள ராமாமணிக்கு,

நேற்று ஹாரிகா இன்டர்காமில் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏனுங்கய்யா, பஸ்ஸு பவானியில நின்னுதுன்னு படிச்சனுங்களா, அம்மா டக்குனு திரும்பி 'பெருந்துறை'ன்னாங்க. வாயி தொறந்திருந்துதுங்க, அப்படியே ஒரு ஸ்பூன் வெச்சுப்போட்டேன். முழுங்கிட்டாங்க." அதற்கு முன்னால் படித்த எதற்கும் நீ அசையவே இல்லையாம்.

நீ பேசிப் பல மாதம் ஆகிறது. கட்டியவனின் பெயரைக் கேட்டால் விழிக்கிறாய், பஸ் நின்ற ஊரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாய். யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு பவானியில் என்ன வேலை? கல்யாணமான நாளிலிருந்து நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் நடுவில் புகுந்து "அதில்லீங்க" என்பாய். விருந்தாளிகள் முன்னால் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இப்போது அந்த "அதில்லீங்க"வுக்காகத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

ஹாரிகா, இந்த இரண்டு வரியை மனசுக்குள் படித்துக்கொள். இனி வருவது பூராவும் பொய். சத்தமாகப் படி, ஸ்பூனைத் தயாராகப் பிடித்துக்கொள்.

ராமாமணி, அரிசிம்பருப்புச் சோற்றுக்குப் பூண்டு போடவே கூடாது. போட்டால் ருசி கெட்டுவிடும். எங்கள் அம்மா ஒரு நாளும் போட்டதில்லை.

நீ சுடும் கச்சாயம் இருக்கிறதே, எண்ணெய் குடிக்கும். தீபாவளிக்குப் பட்டறை ஆட்களுக்குக் கொடுத்தாயே, அதைக் காகிதத்தில் வைத்துப் பிழிந்துவிட்டுத்தான் தின்றார்கள். உன் முகத்துக்காக யாரும் வெளியே சொல்லவில்லை.

நம் மனோஜ்குமாருக்கு முதல் மொட்டை பழனியில் போட்டோம். அவன் அழவே இல்லை, சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறைக்கு இடம் பார்த்தது நான். நீ ரோட்டோரம் வேண்டாம், உள்ளே தள்ளிப் பார்க்கலாம் என்றாய். நான் பிடிவாதமாக நின்றதால்தான் தொழில் நடந்தது.

கடைசியாக, உன் தம்பி கருப்புசாமி மகா கெட்டிக்காரன். அவன் கை வைத்த மோட்டார் ஒன்றுகூடப் பட்டறைக்குத் திரும்பி வந்தது கிடையாது.

இதில் தப்பிருந்தால் சொல். வழக்கம்போல வாய்க்கு வந்ததைச் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பிதுரை


சரவணம்பட்டி
18-7-2020

அன்புள்ள ராமாமணிக்கு,

நீ நேற்றுக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டாய் என்று கேட்டு, நானும் ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். இனிக் குழாய் வேண்டாம், இப்படியே போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பொய் சொல்லியே பெண்டாட்டியைச் சாப்பிட வைத்தவன் என்று இங்கே மாடி முழுக்க என் பெயர் பரவிவிட்டது. ஆளாளுக்குக் கதவிடுக்கில் நின்று ஒரு பொய் எடுத்துக்கொடுக்கிறார்கள்.

போன கடிதத்தை ஹாரிகா தினமும் திரும்பத் திரும்பப் படித்தாளாம். பூண்டுக்கு "போடோணும்" என்றாயாம். பழனிக்கு "மருதமலை" என்றாயாம். கச்சாயத்துக்கு நீ பேசவில்லை, முறைத்தாயாம். உனக்கு முறைத்தாலும் வாய் திறந்துகொள்கிறது, அதிலும் ஒரு ஸ்பூன் போயிற்று. பட்டறை இடத்துக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன், ஹாரிகா சிரித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். கருப்புசாமி கெட்டிக்காரன் என்றதற்கு மட்டும் நீ கம்மென்று இருந்தாயாம். எத்தனை தடவை படித்தும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அது நிஜம் என்றே ஒப்புக்கொண்டுவிட்டாய் போலிருக்கிறது.

அடுத்த வாரம் முதல், உங்கள் பிளாக்கின் ஜன்னலுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். மாஸ்க் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் மூடியும் மாட்டிக்கொள்ள வேண்டும். நான் வாரேன். நீ எடுத்துக்கொடுத்த அந்த நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். அத்தனை மூடிக்குள்ளும் நிற்கிற கிழவன் யாரென்று உனக்கு எப்படித் தெரியும்? ராத்திரியெல்லாம் இதே யோசனைதான்.

கண்ணு ஹாரிகா, இன்னும் ஒரே ஒரு வரி இருக்கிறது. அதற்கு ஸ்பூன் வேண்டாம், கிண்ணத்தைக் கீழே வைத்துவிடு. நிதானமாகப் படித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அவசரப்பட்டு எழுந்துவிடாதே.

ராமாமணி, உனக்கு என்னை யாரென்றே தெரியாது.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தம்பிதுரை