கேப்பைக்குப் புது ரத்தம்

இயேசு மரி சூசை துணை

கோலியனூர்

அன்பு மகள் பவுலினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம், கேப்பை மாவு நிறத்தில் இருக்கிறதென்று நீ பெயர் வைத்த உன் நாய் கேப்பையும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் நினைப்பெல்லாம். நாய் சுகம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், இனிமேல் படிக்கப்போவதற்கு நீ பயப்படக்கூடாது. போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் கேப்பை சோற்றைத் தொடவில்லை, ஈறெல்லாம் வெளுத்து மூத்திரம் காப்பி நிறத்தில் போயிற்று. அப்பா அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, காரில் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனோம். நாய் டாக்டர் அஸ்வினி ரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடித்து ஏறிய கிருமி ரத்த அணுவுக்குள்ளேயே புகுந்துவிட்டதாம். "கிருமிக்கு மருந்து இருக்கும்மா, ஆனா அதோட சண்டை போடப் போன எதிர்ப்புச் சக்தி இப்ப நல்ல ரத்த அணுவையும் சேத்து அழிச்சிக்கினு இருக்கு, உடனே வேற நாயோட ரத்தம் ஏத்தணும்" என்றார்.

அப்பா யாருக்குப் போன் போட்டார் தெரியுமா, பக்கத்து நிலத்து சீனுவாசனுக்கு. கேப்பை அவர் சேவலைக் கடித்துக் கொன்றதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாதே. "நாய் செத்துக்கினு இருக்குது சீனு, உன் சுல்தான் ரத்தம் குடுத்தா பொழைக்கும்" என்று அப்பா அழுதேவிட்டார். "ஜல்தி வர்றேன், டாக்டரை இருக்கச் சொல்லு" என்று அந்த மனுஷன் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிய ஆட்களை அப்படியே விட்டுவிட்டு, சுல்தானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். சோதித்ததில் சுல்தானுக்குக் கிருமி இல்லை, ரத்தமும் ஒத்துப்போயிற்று. கழுத்தில் ஊசியோடு படுத்திருந்த சுல்தானின் காதில் அவர், "அசையாம இருடா ராஜா, சேவல் திருடனுக்குத்தான் குடுக்குறோம்" என்று சொல்ல, டாக்டரே சிரித்துவிட்டார்.

கிருமிக்கு ஊசி போட்டு, எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைத் தணிக்கவும் மாத்திரை கொடுத்தார்கள். நாளாக ஆக ஈறு சிவந்தது, முந்தாநாள் கேப்பை என் புடவையை இழுத்துக் கிழித்தே விட்டது, நான் திட்டாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். கிருமி கொஞ்சம் உள்ளேயே தங்கினாலும் தங்கும், நாயின் உடம்பு அதை அடக்கி வைத்துக்கொள்ளும், புதிதாக உண்ணி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தையில் சீனுவாசன் மகள் புனிதாவுக்குக் கல்யாணம், நம் வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டார்கள், லீவு கிடைத்தால் இருவரும் வாருங்கள். வேளைக்குச் சாப்பிடு, காது மூடாமல் வெளியே போகாதே. மாதா உங்களைக் காப்பாற்றுவாள். இதை எழுதும்போது அப்பாவும் சீனுவாசனும் வாசலில் உட்கார்ந்து இரண்டு நாய்க்கும் காதை மடித்து உண்ணி தேடுகிறார்கள், மீன் குழம்பு ஆறுகிறது, எத்தனை கூப்பிட்டும் இருவரும் எழுந்து வரவில்லை.

என்றும் உன் நினைவாய்,
அம்மா சூசை மேரி