ஐந்தாம் நம்பர் லயத்து விளக்குகள்

டிச. 6, திங்கள், 1965
விடியற்காலையிலிருந்தே பனி. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்களின் முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் பேர் பதிந்தேன்.

தோட்டத்துத் துரையின் மைத்துனர் சின்ன விமானம் ஓட்டி வந்து ஃபேக்டரிக்குக் கீழுள்ள மைதானத்தில் இறக்குவாராம். அனுமதிக் கடிதமும் அவர் லைசென்ஸ் நகலும் டைப் அடித்தேன். தரை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே இறக்கலாம் என்று லைசென்ஸிலேயே இருக்கிறது. பனியில் இறக்கப் படித்தவர் இல்லை. டிசம்பரில், இந்த அப்புத்தளை மலையில்!

துரையிடம் சொன்னேன். "கிளாக்கர், ஒன் வேலை டைப் அடிக்கிறது" என்றார்.

வியாழக்கிழமை அந்த விமானத்தில்தான் துரை மனைவி துரைசாணி குழந்தையோடு கொழும்பிலிருந்து வருகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாவும் கூட வருகிறாள், என் தங்கை செல்லம்.

டிச. 8, புதன்
சோப்பு, பேனா மை வாங்க வேண்டும்.
மைதானத்தின் இரு ஓரமும் லாந்தர் வைக்க உத்தரவு. முனியாண்டி கங்காணி கேட்டார்: "இத பாத்து எறங்கிருவாருங்களா ஐயா?" லாந்தர்களை எண்ணிக் கொடுத்தேன்.
ரயிலில் வா என்று செல்லத்துக்குத் தந்தி அடிக்க நினைத்தேன். அவள் வேலை போகும். அடிக்கவில்லை. கோழை.

டிச. 9, வியாழன்
நாலரைக்கே இருட்டு. பனி நாளில் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு வழி தெரிய ஐந்தாம் நம்பர் லயத்தில், அந்த வரிசை வீடுகளின் வாசலில் விளக்கு வைப்பது வழக்கம். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு விளக்கு, ஒரே நேராக.

துரையின் மைத்துனன், அந்த மடையன், அதை மைதானத்து லாந்தர் என்று நினைத்துவிட்டான். சக்கரம் கூரைத் தகரத்தைக் கிழித்தது. விமானம் தேயிலைக்குள் போய் விழுந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை. துரைசாணிக்கு நெற்றியில் கீறல். குழந்தையை மடியில் மூடிக் குனிந்துகொண்ட செல்லத்துக்கு இரண்டு கையும் முறிவு. பதுளை ஆஸ்பத்திரி. கண் திறந்ததும், "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையேண்ணே?" என்றாள்.

டிச. 11, சனி
வெயில். இன்றைக்குப் பார்த்து.
விபத்துக்குக் காரணம் லயத்து விளக்காம். இனி பனி நாளில் வாசலில் விளக்கு வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் அடித்துப் பெரட்டில் வாசிக்கச் சொன்னார் துரை. லைசென்ஸ் நகலையும் கேட்டார். கொடுத்தேன். கார்பன் பிரதி என் டிரங்குப் பெட்டியில்.

டிச. 13, திங்கள்
பெரட்டில் வாசித்தேன். நோட்டீஸை இல்லை. லைசென்ஸை, தமிழில், வரி வரியாக. முனியாண்டி கங்காணி, "இன்னொருக்கா படிங்கய்யா" என்றார். படித்தேன்.

பத்து மணிக்கு வேலை போயிற்று. மூன்று நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். செல்லத்திடம் எப்படிச் சொல்ல?

மாலை மறுபடி பனி. பன்னிரண்டு வாசலிலும் விளக்கு வைத்திருக்கிறார்கள்.