அற்புதமலரின் வாய்க்கட்டு

மார்ச் 9, ஞாயிறு
தவக்காலத்தின் ஐந்தாம் நாள். எல்லோரும் இறைச்சியை விட்டார்கள். விடுவதற்கு நான் எங்கே தின்றேன்? தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை ஃபாதர், "அற்புதமலர், நீ திட்டுறத விட்டாலே போதும்" என்றார். கோயிலே சிரித்தது. அன்றைக்கே நேர்ந்துகொண்டேன்: ஈஸ்டர் வரைக்கும் யாரையும் திட்டமாட்டேன். பொறுமை என்றால் என்னவென்று இந்தத் தேயிலைத் தோட்டம் பார்க்கட்டும்.

மார்ச் 12
எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா தனலெட்சுமியின் கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது. அவளோடு எனக்கு இரண்டு வருசமாய்ச் சண்டை. கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கோழியைத்தான் கும்பிட்டேன்.

மார்ச் 19
மண் சரிந்து தண்ணீர் பைப் உடைந்து எட்டு நாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, லயமே ஆற்றுக்கு வாளி தூக்குகிறது. தனலெட்சுமியின் மகள் தனுஜா பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். பன்னிரண்டு நாள் குழந்தை. அதன் துணி அலசவும் ஆறுதான்.
ஆபீஸ் கிளாக்கரிடம் போனேன். "நாளைக்கு" என்றார். "சரிங்க ஐயா" என்றேன். மனுசன் பயந்து எழுந்தே விட்டார்.

மார்ச் 27
எட்டாவது தடவை. "நாளைக்கு." "சரிங்க ஐயா."

மார்ச் 30
என் புருஷன் ஜொனி தலையில் அடித்துக்கொண்டார். "ஒன் வாய நம்பித்தான்டி இந்த லயமே இருந்துச்சு. இப்பப் பாத்து புனிதவதி ஆயிட்டே!"
தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மாடசாமி வாசலில் வந்து கெஞ்சுகிறார்: "ஒரே ஒரு நாளைக்குத் திட்டும்மா."
முடியாது என்றேன். இது பொறுமையா, வீம்பா? தெரியவில்லை.

ஏப்ரல் 10
நான் ஆபீஸில் நிற்கும்போது தனலெட்சுமி பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அழுதுகொண்டே தண்ணீர் கேட்டாள். கிளாக்கர் தலை நிமிராமல், "தண்ணி இல்லாத எடத்துல எதுக்குப் புள்ள பெத்துக்கிறீங்க?" என்றார்.
அவ்வளவுதான். "அடேய், ஒன் ஆத்தா பைப்பப் பாத்துட்டாடா ஒன்னப் பெத்தா?" — நான் பேசியதில் அதுதான் மரியாதையானது. மற்றதை இந்தக் கொப்பி தாங்காது. முப்பத்தாறு நாள் அடக்கி வைத்த வாய்!
வீட்டுக்கு வந்து அழுதேன். இன்னும் ஒன்பது நாள்தானே கிடந்தது, சனியனே. பொறுக்க முடியாமப் போச்சே. அதுவும் யாருக்காக? அந்தக் கோழிக்காரிக்காக!

ஏப்ரல் 11
விடிந்ததும் பைப் பொருத்திவிட்டார்கள். ஃபாதரிடம் போய் நேர்த்தியை முறித்ததைச் சொன்னேன். "தண்ணி வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.
மத்தியானம் தனலெட்சுமி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றாள். "அந்த மிச்ச ஒம்பது நாளும் நான் திட்டாம இருக்கேன்க்கா. ஒங்க சாமிக்கு ஆகுமா?"
ஆகும் என்று தலையாட்டினேன்.

ஏப்ரல் 16
அவள் புருஷன் குடித்துவிட்டு வந்து சோற்றுச் சட்டியை வாசலில் கவிழ்த்தான். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. பாவி, எப்படித்தான் அடக்கினாளோ. எங்கள் சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டு போனேன். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.
அவனை ஈஸ்டர் அன்றைக்குச் சேர்ந்து பார்த்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.