கைப்பையில் இருந்த இரண்டு தேசிக்காய்

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம் முடிந்தது. வந்தவர்களில் யாரோ, எலுமிச்சை என்று கடைக்காரர் எழுதி ஒட்டிய ஒரு பை தேசிக்காயைக் குசினி மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு வருடமாக இந்த வீட்டுக்குள் நான் அதை வாங்கி வந்ததில்லை. நிறம் கெடும் என்று தெரிந்துகொண்டே சொதிக்குப் பழப்புளி விட்டேன். ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. இன்று காலை எறிய மனமில்லாமல் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். மணம் ஏறியது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டேன்.

மணம் மட்டும் காரணமல்ல. நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் மகன் ரமணன் வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொன்னான். “அப்பா எங்களை ஆனைக்குப் படைக்கப் பார்த்தவர்” என்றுதான் எப்போதும் தொடங்குவான். அன்போடுதான் சொல்கிறான், நன்றாகவும் சொல்கிறான். உங்கள் படத்துக்கு முன்னால் இருபது பேர் சிரித்தார்கள். ஒஷாவாவிலிருந்து வந்த உங்கள் தங்கச்சி, “அண்ணைக்கு எப்பவும் ஒரு அசண்டையீனம்தானே” என்றார். நான் வடைத் தட்டோடு நின்றேன். கரும்பலகைக்குக் கீழே சோக்கட்டிகளை நீள வரிசைப்படி அடுக்கி வைத்த மனிதரைக் கவனமில்லாதவர் என்கிறார்கள். அடுத்தவருக்கு வடையை நீட்டினேன்.

அந்தப் பயணத்துக்கு முந்தைய மாதம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆபிரிக்காவில், ஸம்பியாவில் நாங்கள் இருந்த ஆறு வருடத்தை ரமணன் அறியமாட்டான். அங்கே பிறந்தவன், நடக்கத் தொடங்கியதும் வெளிக்கிட்டுவிட்டோம். அவன்தான் கேட்டான், எல்லோரும் ஒருமுறை போய், வாகனம் எடுத்து நாங்களே ஓடி, மிருகங்களையும் பார்த்து, அப்பா கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு வருவோம் என்று. இடப்பக்கம் ஓடும் தெரு, கையால் மாற்றும் கியர். அவனுக்கு இரண்டும் பழக்கமில்லை. “அப்ப நான்தான் ஓடவேணும்” என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரலில் வந்த மகிழ்ச்சியை மறைக்கத் தண்ணீர் குடித்தீர்கள். எழுபத்தொரு வயது. பள்ளிக்கூட வாசலுக்கு நீங்களே ஓடிக்கொண்டு போய் இறங்கவேண்டும் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் உங்களுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

முதல் இரண்டு நாளும் லொட்ஜில் தங்கினோம்; பிறகு காட்டுக்குள் கூடாரம் போட்ட காம்புக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளை விரிப்பு, வாசலில் குரங்கு. நீங்கள் செம்மண் தெருவில் அந்த உயரமான வாகனத்தை ஓடிய விதத்தைப் பார்த்து எங்கள் மருமகள் ஷாமினியே, “மாமா, நீங்கள் இஞ்சை ராக்ஸி ஓடினனீங்களோ?” என்று கேட்டாள். நீங்கள் சிரித்து, “கியர் கத்தினால் ஓடுறவன் அவசரப்படுறான் எண்டு அர்த்தம், பிள்ளை. என்ரை கியர் கத்துதோ?” என்றீர்கள்.

எனக்கோ வயிற்றைப் பிரட்டியது. அதை நீங்கள் மட்டும் கண்டுகொண்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. இரண்டாம் நாள் ஒரு மரத்துக்குப் பின்னால் சத்தி எடுத்துவிட்டு, செருப்பில் கல் புகுந்துவிட்டது என்று சொன்னேன். அன்று பின்னேரம் ஷாமினி, “மாமிக்குக் களைப்பெண்டால் காம்ப் வேண்டாம், எல்லாரும் லொட்ஜிலையே நிப்பம்” என்றாள். நல்ல மனத்தோடு சொன்னாள். எனக்கு அது பொறுக்கவில்லை. என்னால் ஒரு குடும்பத்தின் பயணம் நின்றது என்ற பேச்சு வரக்கூடாது. வழியிலிருந்த சந்தையில் தக்காளி பார்ப்பதுபோல நின்று இரண்டு தேசிக்காய் வாங்கினேன். கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். வயிறு பிரட்டும்போது நகத்தால் கீறி மணந்தால் போதும். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது அப்படித்தான் செய்வோம்.

காம்ப் ஆற்றங்கரையில் இருந்தது. வாசலில் காக்கி உடுப்போடு நின்ற மனிதர் ஒரு தாளைத் தந்தார். கொன்வென்ட் சிஸ்டர்மாரிடம் படித்த ஆங்கிலம் என்ற பெருமையில் அதை நானே வாங்கி எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். ஓரிடத்தில், தோடம்பழம், தேசிக்காய் வகைகளைக் கூடாரத்திலும் வாகனத்திலும் வைத்திருக்கக்கூடாது, அந்த மணத்துக்கு யானை எதையும் உடைக்கும் என்றிருந்தது. ஆரணிக்கு அப்போது ஏழு வயது. “அப்பம்மா, உண்மையா உடைக்குமா?” என்று கேட்டாள். “சட்டம் எண்டால் காரணம் இருக்கும்” என்று அவளுக்குச் சொன்னேன். அந்த மனிதர் எங்களிடம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை. எடுத்துக் கொடுத்திருந்தால் ஏன் வைத்திருந்தேன் என்றும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அடுத்த நாள் காலை ஆற்றோரமாக ஓடினோம். தடம் ஒரு வாகன அகலம்தான். வலப்பக்கம் ஆற்றுக்குச் சரிவு, இடப்பக்கம் பற்றை. குழிகளில் வாகனம் ஏறி இறங்க எனக்கு வாயில் நீர் ஊறியது. முன் சீற்றில், உங்களுக்கு இடப்பக்கம் இருந்தபடி பையை மடியில் வைத்து, உள்ளே கைவிட்டு ஒன்றைக் கீறினேன். காற்றுக்காக யன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கியிருந்தேன். தனியன் யானை ஒன்று பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தது. கடக்கட்டும் என்று நீங்கள் நிறுத்தி எஞ்சினை அணைத்தீர்கள். பின்னால் ரமணன் மெதுவாகப் படம் எடுத்தான்.

அது கடக்கவில்லை. தும்பிக்கையை உயர்த்தி நின்றது. பிறகு நேராக என் பக்கம் வந்தது.

யன்னலை அதன் நெற்றி மறைத்தது. தும்பிக்கையின் நுனி கண்ணாடி இடைவெளிக்குள் வந்து என் காதருகே ஈரமாக மூச்சு விட்டது. உள்ளே வர முடியாமல் கண்ணாடியின் விளிம்பில் கொழுவி இழுத்தது. கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. வாகனம் ஒருபக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. ஆரணி அழத் தொடங்க, ஷாமினி அவள் வாயைப் பொத்தினாள். “அப்பா, எடுங்கோ, வாகனத்தை எடுங்கோ” என்று ரமணன் இரகசியக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஒருத்தரும் அசையாதேங்கோ” என்றீர்கள். வகுப்பில் பேசுவதைவிடத் தணிந்த குரல். உங்கள் இடக்கை தாழ்வாக வந்து என் பைக்குள் நுழைந்தது. என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. இரண்டு காயையும் எடுத்து மற்றக் கைக்கு மாற்றி, உங்கள் பக்கக் கண்ணாடியை இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் எறிந்தீர்கள். அவை உருண்டு போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தும்பிக்கை வெளியே போனது. யானை வாகனத்தின் பின்பக்கமாகச் சுற்றிச் சரிவில் இறங்கும்வரை பொறுத்திருந்து எஞ்சினை எடுத்தீர்கள். கியர் கத்தவில்லை.

பின்னால் இருந்தவர்கள் கண்டது உங்கள் வலக்கையை மட்டும்தான்.

ஒரு மைல் போன பிறகு ரமணன் கேட்டான். “அது உங்களிட்டையே இருந்தது, அப்பா?”

“ஓம்.”

“அம்மா வாசிச்சவா தானே. உங்களுக்குக் காது கேக்கேல்லையா?”

“கேட்டது. மறந்துபோனன்.”

காம்புக்குத் திரும்பியதும், உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் காக்கி உடுப்பு மனிதரும் கேட்டார், தேசிக்காய் யாருடையது என்று. என்னுடையது என்று சொல்லிக் கையெழுத்து வைத்தீர்கள். இரண்டடி பின்னால் நான் நின்றேன். நீங்கள் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தால் சொல்லிவிடுவது என்று நின்றேன். நீங்கள் பார்க்கவில்லை. அன்றைக்கே காம்பை விட்டுப் போகச் சொன்னார்கள். வாகனத்தடியில் ரமணன் கையை நீட்டினான். “திறப்பைத் தாங்கோ. இனி நான் ஓடுறன்.” கொடுத்தீர்கள்.

மிச்ச நாட்கள் முழுவதும் பின் சீற்றில், ஆரணிக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருந்தீர்கள். ஒவ்வொரு மேட்டிலும் கியர் கத்தியது. நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் போய் இறங்கினீர்கள். உங்களிடம் படித்தவர் ஒருவர், தலை நரைத்தவர், வாசலில் காத்திருந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ரமணனைப் பார்த்துவிட்டு, பிறகுதான் உங்களைத் தேடினார். நீங்கள் சிரித்த முகத்தோடு இறங்கினீர்கள். அந்தச் சிரிப்பை நான் பிடித்துக்கொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, அப்பா ஸ்னோவில் ஓடவேண்டாம் என்றார்கள். கோடையிலும் வேண்டாம் என்றார்கள். காரை ஷாமினியின் தம்பிக்குக் கொடுத்தோம். நீங்கள் பஸ்ஸில் பிளாஸாவுக்குப் போய் அரிசிப் பை சுமந்தீர்கள். ஐந்து வருடம் என்னோடு இருந்து, ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு தப்பியிருப்பேன். எனக்கு அந்த வழியையும் நீங்கள் தரவில்லை.

இன்று மத்தியானம் கதிரைகளை எடுத்துப்போக ரமணன் பிக்கரிங்கிலிருந்து வந்தான். இரண்டு கதிரையைத் தூக்கியபடி நின்றவனிடம் சொன்னேன்.

“அந்தத் தேசிக்காய் என்ரை.”

“எது?”

“ஆனை தேடி வந்ததே, அது. என்ரை கைப்பையிலை இருந்தது. அப்பா எடுத்து எறிஞ்சவர்.”

கதிரைகளைக் கீழே வைத்தான். “பேப்பரை வாசிச்சது நீங்களெல்லே.”

“ஓம்.”

“இல்லை எண்டு சொன்னதும் நீங்கள்.”

“ஓம்.”

“ஆறு வருஷம், அம்மா. நேற்றும் நான் அந்தக் கதையைச் சொல்லேக்கை பக்கத்திலை நிண்டனீங்கள்.”

நின்றேன் என்றேன். அவன் சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். அவன் ஒரு கதிரையை விரித்து அதில் இருந்துகொண்டான். நிலத்தைப் பார்த்தபடி பேசினான்.

“பள்ளிக்கூடத்துக்குப் போன அண்டைக்குப் பெற்றோல் அடிக்க நிண்டம். நீங்கள் பாத்றூமுக்குப் போனீங்கள். அப்பா இறங்கி என்னட்டை வந்தவர்.”

“ஏன்?”

“‘கடைசி அரை மைல் மட்டும் நான் ஓடட்டோ, தம்பி’ எண்டு கேட்டவர்.” கதிரையின் விளிம்பைச் சுரண்டியபடி, “ஆரணி உள்ளுக்கு இருக்கிறாள், ஏலாது எண்டனான். ‘ஓம், அதுவும் சரிதான்’ எண்டு சொல்லிப்போட்டுப் பின்னாலை ஏறினவர்” என்றான்.

அது உன் பிழையில்லை என்று அவனுக்குச் சொன்னேன். அவன் அதை ஏற்கவில்லை. கதிரைகளை எடுத்துக்கொண்டு போகும்போது வழக்கம்போல என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். தொட்டானே என்று இருந்தது.

அவன் போனபின் உங்கள் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். நேற்றுச் சிரித்தவர்களில் இன்னும் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகச் சொல்லுவேன். அது செய்து முடிக்கக்கூடிய வேலை.

மற்றது முடியாது. அந்தப் பெற்றோல் நிலையத்தில் நான் உங்கள் பக்கத்தில் இல்லை. “அது கொம்மாவின்ரை தேசிக்காய்” என்று நீங்கள் அவனிடம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவன் திறப்பைத் தந்திருப்பான், எனக்கும் கேட்டிராது. நீங்கள் சொல்லவில்லை. நான் திரும்பி வந்தபோது நீங்கள் பின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தீர்கள். நான் முன்னால் ஏறி, அந்தப் பாத்றூம் எவ்வளவு அசுத்தம், சவர்க்காரம்கூட இல்லை, ஒரு மனிதர் கவனிக்க வேண்டாமா என்று பள்ளிக்கூட வாசல் வரைக்கும் குறை சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் பின்னாலிருந்து, “ஓம் ஓம்” என்று கேட்டுக்கொண்டு வந்தீர்கள்.