கழுவி வைத்த டிரம்கள்

இன்று மணலி புதுநகரில் செடி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்து காட்டினார். மீன் அமிலம், ரோஜாவுக்கு நல்லது என்றார். மீன் கழிவும் வெல்லமும் சேர்ந்து ஊறிய அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்மேல்தான். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அது தணியவில்லை, போ.

அப்போது நான் திருவொற்றியூரில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தேன். நீ எர்ணாவூரிலிருந்து இறால் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாய். ஐஸ் தண்ணீரில் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்து, சோறு தின்ன ஸ்பூன் கேட்பாய். விவசாய ஆராய்ச்சி செய்ய சிறுதொழில்காரர்களுக்கும் அரசு பணம் தருகிறது என்று பேப்பரில் படித்துச் சொன்னேன். "அப்ப எறாலுக்கு ஒரு கும்புடு போட்டுடலாமா மே?" என்று கேட்டாயே, அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

திட்ட அறிக்கை எழுத நாம் பட்ட பாடு இருக்கிறதே! ஆய்வின் நோக்கம் என்ன என்றால், "நோக்கமா? தூக்கிப் போட்ற மீன் கொடல கீரைக்குப் போடணும், நான் பொயைக்கணும். அவ்ளோதான்" என்றாய். அதையே நான் இரண்டு பக்கத்துக்கு இழுத்தேன். உன் வீட்டுக்குப் பின்னால் மூன்று டிரம்கள், ஒவ்வொன்றிலும் வெல்லத்தின் அளவு வேறு. எது சடையங்குப்பம் கீரைப் பாத்திக்குச் சரிப்படும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அறிக்கை தேறிவிட்டது. அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் பணம் வந்துவிடும்.

அவர்கள் வரும் அன்று நான் முன்னதாகவே வந்தேன். வாசலில் கோலம், ஸ்டூலில் கலர் பாட்டில்கள், உள்ளே ஊதுவத்தி. பின்பக்கம் போனால் மூன்று டிரம்மும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. பினாயில் தெளித்திருந்தாய்.

"எங்கடி சரக்கு?"

"கொட்டிட்டேன் மே. பாதி ஊறல், கொடலப் பொரட்டிகினு கீது. பெரிய மனுசங்கோ வூடு தேடி வர்றாங்கோ, மூக்கப் பொத்திகினு நிக்க வெக்க முடியுமா? நம்ம ஏரியான்னாலே கலீஜுன்றாங்கோ."

வந்தவர்களில் ஒருவர் டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வேலையே நடக்கலியேம்மா" என்றார். நான் விளக்கப் பார்த்தேன், அவர் காதில் வாங்கவில்லை. கலரைக் கூடத் தொடாமல் போய்விட்டார்கள். "நான் மரியாதையாத்தான நடந்துகினேன்?" என்று கேட்டாய். பாவி, திறக்காத கலர் பாட்டில்களை நான்தான் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை எழுதலாம் என்றிருந்தோம். அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நீ திரும்ப ஐஸ் தண்ணீருக்கே போனாய். ஈரத்தில் நின்று நின்று நெஞ்சில் சளி கட்டி, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தாய்.

அங்கே பார்க்க வந்து, கட்டிலில் உட்காரப் போனேன். போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாய். "தள்ளி நில்லு மே. கையெல்லாம் எறா வாட, போவவே மாட்டேங்குது."

கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தேன். ஆஸ்பத்திரி சோப்பு வாசனைதான் இருந்தது. சத்தியமாக இல்லையடி என்று எத்தனை முறை சொன்னேன்! நீ நம்பவே இல்லை. கலீஜ், நாற்றம் என்று சொல்லிச் சொல்லி உன்னை நம்பவிடாமல் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்களை நான் என்ன செய்துவிட முடியும்? அதனால்தான் இன்னும் உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.