வெற்றுப் பெட்டி விதி

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ மேசையைத் தட்டிவிட்டு எழுந்துபோன அந்தத் தரக் குழுவில் இப்போது நான்தான் வரைவு எழுதுகிறேன். விடுதி அறையில் நீ உருவாக்கிய நிரல்மொழிக்கு ஆறு கம்பெனிகள் ஆளுக்கொரு வடிவம் வைத்திருக்கின்றன. ஒரே நிரல் ஓரிடத்தில் ஒரு விடையும் இன்னோரிடத்தில் வேறு விடையும் தருகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே தரம் எழுத வேண்டும். காற்புள்ளி எங்கே வரலாம் என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்துவிட்டது. "கம்ப்யூட்டர்கிட்ட பேசுற பாஷைக்கு எதுக்கும்மா இத்தனை பஞ்சாயத்து?" என்று அப்பா கேட்கிறார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அடுத்த கூட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

உன்
ஊமைக்கோட்டான்

மார்ச் 19

அடி ஊமைக்கோட்டானே,

குழுவில் நீயா! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. காற்புள்ளியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வெற்றுப் பெட்டி விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதே. நிரலுக்குள் எண்ணைப் போட்டுவைக்கும் பெட்டி ஒன்றை, எதுவும் போடாமலே திறந்தால் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும். தானாகப் பூச்சியம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அம்மாவுக்கு மருந்து ஏற்றிய கருவி அப்படித்தான் நினைத்தது. ஏற்கெனவே எவ்வளவு ஏறியது என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி முழு அளவையும் ஏற்றிவிட்டது. அம்மா வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த மொழியையே செய்ய உட்கார்ந்தேன். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த உனக்குத் தெரியாததா? நீ அங்கே இருப்பது நானே இருப்பது மாதிரி.

உன்
வாயாடி

ஜூன் 27

அன்புள்ள வாயாடிக்கு,

விதி விவாதத்துக்கு வந்தது. வாரம் முழுக்க இழுபறி. நிரல் நிற்கத்தான் வேண்டும் என்று மூன்று கம்பெனிகள். நின்றால் எங்கள் வாடிக்கையாளர்களின் பழைய நிரல்கள் எல்லாம் படுத்துவிடும் என்று மற்ற மூன்று. "இது முடியலேன்னா தரமே கிடையாது. எல்லாரும் மூட்டையைக் கட்டலாம்" என்றார் தலைவர். உன் மொழியே சிதறிப்போகும் என்று பயந்தேன். ஒரு வரி எழுதி நீட்டினேன்: 'நிரல் நிற்கலாம், அல்லது பூச்சியம் என்று கொள்ளலாம், அது உருவாக்கும் கம்பெனியின் விருப்பம்.' யாரும் மறுக்கவில்லை. "எல்லாருக்குமே கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கல. அப்ப நல்ல வரிதாம்மா!" என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். கூச்சமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகவும் இருந்தது. அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உன் அம்மா நினைவுக்கு வந்தார். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துச் சோப்பு வாங்கி வருவாரே. திட்டியாவது எழுது.

உன்
ஊமைக்கோட்டான்

ஆகஸ்ட் 9

வரைவு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. வரைவின் முதல் பக்கத்தில், மொழியை உருவாக்கியவர் என்று என் பெயர் உள்ளது. நான் உருவாக்கிய மொழி இதுவல்ல. பெயரை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழுவின் முன்னாள் உறுப்பினர்

செப்டம்பர் 2

அன்புள்ள வாயாடிக்கு,

பெயரை நீக்க எனக்கு அதிகாரம் இல்லை; குழு ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நானே எழுந்து கேட்டேன். ஏன் என்று கேட்பார்கள், உன் அம்மாவைப் பற்றிச் சொல்லலாம், அந்த வரியை மறுபடி விவாதத்துக்கு எடுங்கள் என்று கெஞ்சலாம் என்று பக்கம் பக்கமாக எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "ஆட்சேபம் உண்டா?" என்றார் தலைவர். யாரும் தலை நிமிரவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். "சரி, எடுத்துடும்மா" என்றார்.

எடுத்துவிட்டேன்.

அடுத்தது அடைப்புக்குறிகள் பற்றிய பிரிவு. உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தேன்.

உன்
ஊமைக்கோட்டான்